சோரன் சோரன்சன்

சோரன் பீடர் லவுரிட்ஸ் சோரன்சன் (ஜனவரி 9, 1868 – பெப்ரவரி 12, 1939) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். ஒரு கரைசல் எந்த அளவுக்கு அமிலத்தன்மை அல்லது காரத்தன்மை உடையது என்பதை ஒரே எண்ணால் குறிக்கும் பி.எச் அளவீட்டை (காரகாடித்தன்மைச் சுட்டெண்) இவர் 1909 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். கோப்பன்ஹேகன் நகரில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவுக்கு 1901 முதல் 1938 வரை தலைவராக இருந்தார்.

குருதி, மண், பால், குடிநீர், மருந்து என எதைச் சோதித்தாலும் இன்று இந்த எண் தேவைப்படுகிறது. வீட்டு நீச்சல் குளத்தின் நீரைச் சோதிக்கும் சிறு பெட்டியும் இவருடைய அளவுகோலையும், இவர் ஒழுங்குபடுத்திய நிற ஒப்பீட்டு முறையையும் அடிப்படையாகக் கொண்டதே.

இளமையும் கல்வியும்

சோரன்சன் டென்மார்க்கின் சீலாந்து தீவில் உள்ள ஹாவ்ரெபியர் என்ற சிற்றூரில், வேளாண்மை செய்துவந்த குடும்பத்தில் பிறந்தார். 18 ஆவது வயதில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவம் பயிலும் நோக்குடன் சென்ற இவர், பேராசிரியர் எஸ். எம். யோர்கன்சனின் தாக்கத்தால் வேதியியலுக்கு மாறினார். யோர்கன்சன், கோபால்ட்டு போன்ற உலோகங்களின் சிக்கலான சேர்மங்களை ஆராய்வதில் அக்காலத்தில் பெயர் பெற்றிருந்தவர்.

1892 முதல் 1901 வரையான காலத்தில் சோரன்சன் டென்மார்க்கின் தொழில்நுட்பக் கல்விக்கழக ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். அரச கடற்படையின் கப்பல் தளத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். கோபால்ட்டின் ஆக்சலேட்டுச் சேர்மங்கள் பற்றிய ஆய்வுக்காக 1899 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அதுவரை இவருடைய துறை கனிம வேதியியல் ஆகும். நொதிகளும் புரதங்களும் இவருடைய ஆய்வில் பின்னரே இடம்பெற்றன.

கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம்

கார்ல்ஸ்பெர்க் பியர் வடிசாலையின் நிறுவனர் ஜே. சி. யாக்கோப்சன் 1875 ஆம் ஆண்டில் இவ்வாய்வகத்தை ஏற்படுத்தினார். மால்ட்டு தயாரித்தல், வடித்தல், நொதித்தல் ஆகியவற்றுக்கு அறிவியல் அடித்தளம் அமைப்பது இதன் நோக்கமாகும். கோட்பாட்டு நோக்கிலோ நடைமுறை நோக்கிலோ முதன்மையான எந்த முடிவையும் மறைத்து வைக்கக்கூடாது என்பது ஆய்வகத்தின் விதிகளுள் ஒன்று. இதனால் அங்கு கண்டறியப்பட்டவற்றைப் போட்டி வடிசாலைகளும் பயன்படுத்த முடிந்தது.

1883 ஆம் ஆண்டு இவ்வாய்வகத்துக்கு மிக முக்கியமானது. அவ்வாண்டில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். உணவிலும் தானியத்திலும் உள்ள நைதரசனை அளக்கும் முறையை யோஹான் கெல்டால் அதே ஆண்டில் வெளியிட்டார். கெல்டால் 1900 ஆம் ஆண்டில் இறந்ததைத் தொடர்ந்து, வேதியியல் பிரிவின் தலைமைப் பொறுப்பு 1901 இல் சோரன்சனிடம் வந்தது. இங்கு அவர் அமினோ அமிலங்கள், நொதிகள், புரதங்கள் ஆகியவற்றின் பக்கம் திரும்பினார்.

புரதம் சிதையும்போது உருவாகும் அமினோ அமிலங்களை அளக்க 1907 ஆம் ஆண்டில் ஃபார்மால் தரம்பார்த்தல் என்னும் முறையை வெளியிட்டார். அமினோ அமிலத்தில் அமிலப் பகுதியும் காரப் பகுதியும் சேர்ந்தே இருப்பதால் அதை நேரடியாகத் தரம்பார்ப்பது கடினம். ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தால் காரப் பகுதி செயலிழக்கும். அதன் பின் அமிலப் பகுதியைக் காரக் கரைசலைக் கொண்டு அளக்கலாம். இம்முறை பழச்சாறு, பால் முதலிய உணவுப் பொருட்களைச் சோதிப்பதற்கு நெடுங்காலம் பயன்பட்டது.

அளவீட்டில் இருந்த சிக்கல்

நொதிகள் அமிலத்தன்மையில் ஏற்படும் மாற்றத்துக்கு மிக எளிதில் ஆட்படுபவை. ஒரே நொதியைக் கொண்டு ஒரே சோதனையைச் செய்த இரு ஆய்வாளர்கள் வெவ்வேறு முடிவுகளைப் பெற்றனர். கண்ணாடிக் கலத்திலிருந்து கரைந்துவரும் சிறிதளவு காரமோ, காற்றிலிருந்து நீர் உறிஞ்சும் கரியமில வாயுவோ கூட விளைவை மாற்றப் போதுமானதாக இருந்தது.

அக்காலத்தில் அமிலத்தன்மை என்பது பெரும்பாலும் சேர்க்கப்பட்ட அமிலத்தின் மொத்த அளவைக் கொண்டே குறிக்கப்பட்டது. இதில் ஒரு குறை உண்டு. ஒரே செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் தரம்பார்த்தால், இரண்டையும் நடுநிலையாக்க ஒரே அளவு காரம் தேவைப்படும். ஆனால் ஐதரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறத்தாழ முழுமையாகப் பிரிந்து ஐதரசன் அயனிகளைத் தருகிறது. அசெட்டிக் அமிலத்தில் மிகச் சிறு பகுதியே அவ்வாறு பிரிகிறது. நொதியின் வேலையைத் தீர்மானிப்பது மொத்த அமிலம் அன்று, அந்தந்த நேரத்தில் கரைசலில் தனித்து இருக்கும் ஐதரசன் அயனிகளின் செறிவே என்பதைச் சோரன்சன் சோதனைகளால் நிறுவினார்.

1909 ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை

நொதிகள் பற்றிய தமது ஆய்வு வரிசையின் இரண்டாம் பகுதியாகச் சோரன்சன் 1909 இல் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அது ஜெர்மன், பிரெஞ்சு, டேனிய மொழிகளில் வெளிவந்தது. அதில் அளவுகோல், அளக்கும் முறை, ஒப்பிடுவதற்கான தரக் கரைசல்கள் ஆகிய மூன்றும் ஒருசேர இடம்பெற்றிருந்தன.

அளவுகோல்: தூய நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.0000001 மோல் ஐதரசன் அயனி உள்ளது. இவ்வளவு சிறிய எண்களை எழுதுவதும் ஒப்பிடுவதும் கடினம். எனவே சோரன்சன் இச்செறிவின் பத்தடிமான மடக்கையை எடுத்து, எதிர்க்குறியை நீக்கிய எண்ணைப் பயன்படுத்தினார். இதன்படி மேற்கண்ட நீரின் மதிப்பு 7 ஆகும். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். ஒரு படி மாறினால் செறிவு பத்து மடங்கு மாறும். 7.8 இலிருந்து 7.2 க்கு இறங்குவது சிறு மாற்றம் போலத் தோன்றினாலும், ஐதரசன் அயனியின் செறிவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

மின்முனை முறை: ஐதரசன் வாயு சூழ்ந்த பிளாட்டினம் மின்முனையைக் கரைசலில் வைத்து, அதன் மின்னழுத்தத்தைக் கொண்டு அயனிச் செறிவைக் கணக்கிடுவது இம்முறையாகும். இது துல்லியமானது, ஆனால் நேரமும் பயிற்சியும் வேண்டுவது.

நிற முறை: சில சாயங்கள் குறிப்பிட்ட பி.எச் எல்லைக்குள் படிப்படியாக நிறம் மாறுகின்றன. சோரன்சன் பல சாயங்களைச் சோதித்துப் பார்த்து, நம்பத்தக்க ஏறத்தாழ இருபதைத் தெரிந்தெடுத்தார். சோதிக்கவேண்டிய கரைசலில் சில துளி சாயத்தை இட்டு, அதே சாயம் இட்ட, மதிப்புத் தெரிந்த கரைசல்களுடன் ஒப்பிட்டால் விலை உயர்ந்த கருவி இல்லாமலேயே பி.எச் மதிப்பை அறியலாம்.

தரக் கரைசல்கள்: நிற ஒப்பீடு நம்பகமாக இருக்க, ஒப்பிடப்படும் கரைசலின் மதிப்பு மாறாமல் இருக்கவேண்டும். சிறிதளவு அமிலமோ காரமோ சேர்ந்தாலும் எளிதில் மாறாத தாங்கல் கரைசல்களைச் சோரன்சன் இதற்குப் பயன்படுத்தினார். பாசுப்பேட்டு, சிட்ரேட்டு, போரேட்டு, கிளைசின் ஆகியவற்றை எந்த விகிதத்தில் கலந்தால் எந்த மதிப்புக் கிடைக்கும் என்பதை மின்முனையால் அளந்து வெளியிட்டார். இதனால் எந்த நாட்டில் இருப்பவரும் அதே உப்புகளை எடையிட்டுக் கலந்து அதே எண்ணைப் பெற முடிந்தது.

நிற முறையின் குறைகளையும் அவர் எடுத்துக் காட்டினார். புரதம் உள்ள கரைசலில் சாயம் புரதத்துடன் ஒட்டிக்கொள்வதால் நிறம் மாறித் தோன்றும். உப்பு மிகுந்த கரைசலிலும் இவ்வாறே பிழை நேரும். இவை முறையே புரதப் பிழை, உப்புப் பிழை எனப்படுகின்றன. சோதிக்கும் நீரில் உள்ள வேறொரு பொருள் நிறத்தைத் திரித்துக் காட்டலாம் என்ற இந்த எச்சரிக்கை, நிறத்தைக் கொண்டு செய்யப்படும் எல்லாச் சோதனைகளுக்கும் பொருந்தும்.

பெயர்

சோரன்சன் தமது அளவீட்டை ஐதரசன் அயனி அடுக்கெண் என்று அழைத்தார். முதலில் ஐதரசனைக் குறிக்கும் எழுத்து சற்றுக் கீழிறக்கி எழுதப்பட்டது. இரு எழுத்துகளையும் ஒரே வரியில் எழுதும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. முதல் எழுத்து எதைக் குறிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அடுக்கு அல்லது ஆற்றல் என்னும் பொருளுடைய ஜெர்மன், பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்து என்பது பரவலான விளக்கம். தமது கணக்கில் இரு கரைசல்களை வேறுபடுத்த இட்ட அடுத்தடுத்த இரு எழுத்துகளில் ஒன்றே இது என்ற விளக்கமும் உண்டு.

புரத ஆய்வுகள்

1910 களில் சோரன்சன் முட்டையின் வெண்கருவில் உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை ஆராய்ந்தார். அவருடைய மனைவி மார்கரெத்த ஹோய்ருப் சோரன்சன் இவ்வாய்வுகளில் உடன் பணியாற்றினார். ஆல்புமினைப் படிகமாக்கி, அதன் சவ்வூடுபரவல் அழுத்தத்தை அளந்து, மூலக்கூற்று எடை ஏறத்தாழ 34,000 என 1917 ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்பு இதைவிடக் கூடுதலாகும். எனினும் புரதங்கள் உறுதியான எடையுடைய பெரிய மூலக்கூறுகளா, சிறு துகள்களின் தெளிவற்ற திரள்களா என்ற ஐயம் நிலவிய காலத்தில், முதல் கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

கரைசலில் உள்ள அயனிகள் அனைத்தும் தனித்தனியாகச் செயல்படுவதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. அதனால் செறிவுக்குப் பதிலாக அயனியின் செயல்திறனை அடிப்படையாகக் கொண்ட வரையறையை, சோரன்சன் தம் உதவியாளர் காய் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்குடன் சேர்ந்து 1924 இல் முன்மொழிந்தார். தாம் அறிமுகப்படுத்திய அளவீட்டைத் தாமே திருத்தியமை குறிப்பிடத்தக்கது.

இறுதிக் காலம்

சோரன்சன் 1938 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 12 அன்று தமது 71 ஆவது வயதில் இறந்தார். லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் அவருக்குப் பின் வேதியியல் பிரிவின் தலைமையை ஏற்றார். சோரன்சனுக்கு நோபல் பரிசு வழங்கப்படவில்லை.

பரவலும் தாக்கமும்

பி.எச் அளவீடு முதலில் உயிர்வேதியியலாளர்களிடையே பரவியது. லெயோனார் மைக்கேலிஸ் 1914 ஆம் ஆண்டில் ஐதரசன் அயனிச் செறிவு பற்றித் தனி நூலே எழுதினார். அவரும் மாட் மென்ட்டனும் 1913 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நொதி ஆய்வில் கரைசலின் அமிலத்தன்மை கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் ஹாசல்பால்க், லாரன்ஸ் ஹென்டர்சனின் சமன்பாட்டைச் சோரன்சனின் மடக்கை வடிவில் எழுதிக் குருதியின் அமிலத்தன்மைக்குப் பயன்படுத்தினார்.

அமெரிக்காவில் வில்லியம் மான்ஸ்ஃபீல்ட் கிளார்க், ஹெர்பர்ட் லப்ஸ் ஆகியோர் 1917 ஆம் ஆண்டில் தெளிவாக நிறம் மாறும் சாயங்களின் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். நீச்சல் குளச் சோதனையில் பயன்படும் பினால் சிவப்பு இத்தொகுதியைச் சேர்ந்தது. 1930 களின் நடுப்பகுதியில் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்கத் தம் நண்பர் ஒருவருக்குத் தேவைப்பட்டதால், கண்ணாடி மின்முனையும் மின்பெருக்கியும் கொண்ட பி.எச் மானியை உருவாக்கினார். அதன் பின் இவ்வளவீடு தொழிற்சாலைகளிலும் எளிதாயிற்று.

நீச்சல் குள நீர்ச் சோதனையில் பயன்பாடு

நீச்சல் குளத்தில் கிருமிகளைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது ஐப்போகுளோரசு அமிலம் ஆகும். குளோரின் நீரில் கரைந்ததும் இவ்வமிலம் உண்டாகிறது. நீரின் பி.எச் மதிப்பு உயர உயர, இது கிருமிகளைக் கொல்லும் திறன் குறைந்த ஐப்போகுளோரைட்டு அயனியாக மாறுகிறது. சயனூரிக் அமிலம் சேர்க்கப்படாத நீரில், பி.எச் 7 இல் ஏறத்தாழ முக்கால் பங்கும், 7.5 இல் ஏறத்தாழ பாதியும், 8 இல் ஏறத்தாழ கால் பங்கும் திறன்மிக்க அமிலமாக இருக்கும். அதாவது ஒரே அளவு குளோரின் இட்ட இரு குளங்களில் ஒன்று பாதுகாப்பானதாகவும் மற்றொன்று நோய் பரப்புவதாகவும் இருக்கக்கூடும். பி.எச் மிகக் குறைந்தால் கண்ணெரிச்சலும் உலோக அரிப்பும் ஏற்படும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குளோரின் இடும் குளங்களுக்கு 7.2 முதல் 7.8 வரையான எல்லையைக் குறிப்பிடுகிறது.

மொத்த அளவும் ஐதரசன் அயனிச் செறிவும் வெவ்வேறு என்று சோரன்சன் பிரித்துக் காட்டியதை வீட்டுச் சோதனைப் பெட்டியிலும் காணலாம். பினால் சிவப்பின் நிறம் பி.எச் மதிப்பைக் காட்டும். துளித்துளியாக அமிலம் சேர்த்து எண்ணும் சோதனை மொத்தக் காரத்தன்மையைக் காட்டும். இரண்டாவது, நீர் தன் பி.எச் மதிப்பை எவ்வளவு தாங்கிக்கொள்ளும் என்பதன் அளவாகும். காரத்தன்மை குறைந்த நீரில் பி.எச் மதிப்பு அடிக்கடி ஏறி இறங்கும். எனவே ஒன்றை மட்டும் சோதிப்பது போதாது.

சோதனைப் பெட்டியைத் தெரிவு செய்தல்

* பி.எச், தனிக் குளோரின், மொத்தக் குளோரின், காரத்தன்மை ஆகியவற்றைத் தனித்தனியே அளப்பதாக இருத்தல் நன்று. சயனூரிக் அமிலம் கலந்த குளோரின் மாத்திரைகளைப் பயன்படுத்தும் குளத்துக்கு அவ்வமிலத்தின் சோதனையும் வேண்டும்.
* குளோரினுக்கு இருவகைச் சோதனைகள் வழக்கில் உள்ளன. ஆர்த்தோடொலிடின் சேர்த்து மஞ்சள் நிறத்தைப் பார்க்கும் பழைய முறை, வீட்டுப் பெட்டிகளில் மொத்தக் குளோரினையே காட்டுகிறது. ஆர்தர் பேலின் 1957 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய டி.பி.டி. முறை இளஞ்சிவப்பு நிறம் தருவது. இது கிருமி கொல்லும் தனிக் குளோரினைப் பிரித்துக் காட்டுவதால் சிறந்ததாகும்.
* சோதனைத் தாள்கள் விரைவானவை. ஆனால் அவற்றின் நிறப் படிகள் அகலமானவை. துளிக் கரைசல் அல்லது மாத்திரை கொண்ட பெட்டிகள் நுட்பமானவை. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களுக்கு ஒளியளவுமானி பயன்படும்.
* பினால் சிவப்பு ஏறத்தாழ 6.8 முதல் 8.2 வரை மட்டுமே நிறம் மாறும். நீர் 6.8 இல் இருந்தாலும் 5 இல் இருந்தாலும் ஒரே மஞ்சள் நிறமே தோன்றும். ஆகையால் நிற அட்டையின் கடைசிப் படியோடு ஒத்துப்போகும் முடிவை அளவாகக் கொள்ளலாகாது. எல்லைக்கு வெளியே உள்ளது என்றே கொள்ளவேண்டும்.

பராமரிப்பும் பிழைகளும்

* சோதனைக் கரைசல்களும் தாள்களும் வெப்பம், ஒளி, ஈரம் ஆகியவற்றால் கெடுபவை. நிழலான, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், குளோரின், அமிலம் முதலியவை வைக்கும் அறையிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். காலாவதி நாள் கடந்தவற்றை மாற்றவேண்டும்.
* ஒரு புட்டியின் மூடியை மற்றொன்றுக்கு இடுதல், வெவ்வேறு தயாரிப்புகளின் கரைசலையும் நிற அட்டையையும் கலந்து பயன்படுத்துதல் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். கரைசலும் அட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை.
* சோதனைக் குழாயைக் குள நீராலேயே கழுவிய பின், நீர் உள்ளே வரும் துளையிலிருந்து விலகி, முழங்கை ஆழத்தில் நீரை எடுக்கவேண்டும். துளிகள் ஒரே அளவில் விழப் புட்டியை நேர்செங்குத்தாகப் பிடிக்கவேண்டும். நிறத்தை வெண்ணிறப் பின்புலத்தில், பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.
* குளோரின் மிகுதியாக உள்ள நீரில் டி.பி.டி. நிறம் வெளிறி, குளோரினே இல்லாததுபோல் தோன்றும். இதனை நம்பி மேலும் குளோரின் இடுவது தீங்கானது. ஐயம் எழுந்தால் நீரைக் காய்ச்சிவடித்த நீரால் நீர்த்துப்போகச் செய்து மீண்டும் சோதிக்கவேண்டும். அதே நீரில் பினால் சிவப்பும் ஊதாவாக மாறி, பி.எச் உயர்ந்திருப்பதாகக் காட்டுவதுண்டு. நீரில் உள்ள வேறொரு பொருள் நிறத்தைத் திரிக்கும் என்று சோரன்சன் எச்சரித்ததற்கு இவையும் எடுத்துக்காட்டுகளாகும்.
* பி.எச் மானி வைத்திருப்போர் அதனைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் 7 மதிப்புள்ள தாங்கல் கரைசலிலும், 4 அல்லது 10 மதிப்புள்ள மற்றொன்றிலும் வைத்துச் சரிசெய்யவேண்டும். மின்முனையை உலரவிடாமல் அதற்குரிய காப்புக் கரைசலில் வைக்கவேண்டும். காய்ச்சிவடித்த நீரில் வைக்கலாகாது.

நினைவும் மதிப்பீடும்

2018 ஆம் ஆண்டு மே 29 அன்று கூகிள் தேடுபொறி தன் முகப்பில் சோரன்சனையும் பி.எச் அளவீட்டையும் நினைவுகூரும் படம் ஒன்றை வெளியிட்டது.

அமிலங்களில் ஐதரசன் அயனி உள்ளது என்பதும், அதனை மின்முனையால் அளக்கலாம் என்பதும், சாயங்கள் நிறம் மாறும் என்பதும் சோரன்சனுக்கு முன்பே அறியப்பட்டவை. இவற்றை ஒரே எண்ணுக்குள் கொண்டுவந்து, அந்த எண்ணை எவரும் சரிபார்த்துக்கொள்ளத் தேவையான கரைசல்களின் செய்முறையையும் பொதுவில் வைத்தமையே இவருடைய தனிப் பங்களிப்பு எனலாம்.